யார் இந்த தாட்சாயணி வேலாயுதன்? லேபில் தள்ளி நிறுத்தப்பட்டவர் அரசியல் நிர்ணய சபைக்குப் போன கதை!

பி.எஸ்சி வேதியியல் படிக்கிற மாணவி, சோதனைக் குழாயைத் தொடக் கூடாது என்றால் எப்படித்தான் படிப்பது? 1930களில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் தாட்சாயணிக்கு இதுதான் நடந்தது. பட்டியல் சமூகத்துப் பெண் என்பதால் அவருக்குச் செய்முறை சொல்லித்தர ஆசிரியருக்கு மனசு வரவில்லை. மற்ற மாணவர்கள் செய்வதைத் தூரத்தில் நின்று பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். அந்த அறிவியல் வகுப்பில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான். ஆனாலும் 1935ல் பட்டம் வாங்கிவிட்டார். இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி என்று சொல்லப்படுபவர் இவர்தான்.

பெயர் வைத்ததே குற்றம்!

1912 ஜூலை 4ஆம் தேதி, கொச்சி சமஸ்தானத்தில் உள்ள முளவுகாடு தீவில் புலையர் குடும்பத்தில் பிறந்தார். அந்தச் சமூகத்தினர் பொதுச் சாலையில் நடக்கவே தடை இருந்த காலம் அது. பெண்கள் மேலாடை அணியவும் கூடாது. கூட்டம் போட்டுப் பேசலாம் என்றால் கரையில் இடம் தர ஆளில்லை. அதனால் 1913ல் படகுகளை ஒன்றாகக் கட்டி காயலுக்கு நடுவே கூட்டம் நடத்தினார்கள். நிலம்தானே ராஜாவுக்குச் சொந்தம், தண்ணீரில் யார் வந்து தடுப்பது? இதில் தாட்சாயணியின் குடும்பத்தினருக்கும் பெரிய பங்கு உண்டு.

காளி, சக்கி மாதிரியான பெயர்கள்தான் அந்தச் சமூகத்துப் பெண்களுக்கு வழக்கம். 'தாட்சாயணி' என்றால் தட்சனின் மகள், அதாவது பார்வதி. இப்படியொரு பெயரை புலையர் வீட்டுக் குழந்தைக்கு வைக்கலாமா என்று ஊரில் முணுமுணுத்தார்களாம். அந்தக் குழந்தைதான் மேலாடை அணிந்து பள்ளிக்கூடம் போய், சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையில் கல்லூரி வரை படித்தது.

டிகிரி வாங்கியாச்சு, அப்புறம்?

சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். திருச்சூர் பக்கம் அரசுப் பள்ளியில் டீச்சர் வேலையும் கிடைத்தது. படித்து வேலைக்குப் போய்விட்டால் சாதி போய்விடும் என்று இன்றைக்கும் சிலர் ரொம்ப சுலபமாகச் சொல்வார்கள். தாட்சாயணி டீச்சருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. ஒருநாள் வயல் வரப்பில் எதிரே வந்த உயர்சாதிப் பெண், வழிவிட்டு வயலில் இறங்கச் சொல்லியிருக்கிறார். டீச்சர் நகரவே இல்லை. கடைசியில் வயலில் இறங்கிப் போனது அந்தப் பெண்தான் என்று சொல்கிறார்கள்.

1940ல் வார்தா ஆசிரமத்தில், காந்தியும் கஸ்தூரிபாவும் முன்னிலை வகிக்க ஆர்.வேலாயுதனை மணந்தார். தொழுநோயாளி ஒருவர்தான் திருமணத்தை நடத்திவைத்தார். 1945ல் கொச்சி சட்டசபைக்குப் போனார்.

அடுத்த வருடமே அரசியல் நிர்ணய சபை. அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது நம்ம சென்னை மாகாணம்! அப்போது அவருக்கு வயது 34. சபையில் இருந்த 15 பெண்களில் ஒரே தலித் பெண். காந்தியவாதியான அவர், தனித்தொகுதி விஷயத்தில் தலித் தலைவர்கள் பலரோடு முரண்பட்டார். அதற்காக விமர்சனங்களையும் வாங்கிக்கொண்டார். அரசியலமைப்பின் வரைவு வந்தபோது, அதிகாரத்தை மத்தியில் குவிக்கிறது என்று அதையும் விடாமல் விமர்சித்தார்.

1948 நவம்பர் 29ஆம் தேதி, தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு, அதாவது இன்றைய சட்டப்பிரிவு 17 விவாதத்துக்கு வந்தது. தாட்சாயணி எழுந்து ஆதரித்துப் பேசினார். ஆனால் சட்டம் போட்டதோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது அவர் வாதம். பட்டம் வாங்கின பிறகும் கிணற்றுப் பக்கம் போக முடியாதவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

1952க்குப் பிறகு அவர் நாடாளுமன்றத்தில் இல்லை. 1977ல் டெல்லியில் தலித் பெண்களைத் திரட்டி மகிளா ஜாக்ருதி பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1978 ஜூலை 20ஆம் தேதி, 66 வயதில் காலமானார்.