ஓய்வுநாள் பள்ளி கண்ட ராபர்ட் ரெய்க்ஸ்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், செவெர்ன் ஆற்றங்கரையில் அமைந்த பழைமையான நகரம் குளொஸ்டர். அந்நகரில் 1736ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள் ராபர்ட் ரெய்க்ஸ் பிறந்தார். தந்தையார் அச்சகம் நடத்தியவர்; 1722இல் 'குளொஸ்டர் ஜர்னல்' என்னும் செய்தித்தாளைத் தொடங்கியவர். 1757இல் தந்தையார் மறையவே, அச்சகமும் செய்தித்தாளும் இளைஞரான மகனின் பொறுப்பில் வந்தன. ரெய்க்ஸ் வறுமையை அறியாதவர். உடையழகில் பெருநாட்டம் உடையவர் என்று ஊரார் அவரைக் கேலி செய்வதும் உண்டு.

அத்தகையவரின் நெஞ்சை முதலில் தொட்டது குளொஸ்டர்ச் சிறைச்சாலை. கடனைத் திருப்பித் தர இயலாத ஏழைகளும், சிறு திருட்டுக்காகப் பிடிபட்டோரும் அங்கே ஒருங்கே அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுக்காகத் தம் செய்தித்தாளின் வாயிலாக ரெய்க்ஸ் உதவி திரட்டினார். கைதிகளுள் எழுத்தறிந்தவரைக் கொண்டு எழுத்தறியாதவருக்குப் படிப்புச் சொல்லித் தரவும் ஏற்பாடு செய்தார். ஆயினும் விடுதலை பெற்றுச் சென்றோர் பலர் மீண்டும் அதே வாயிலுக்குத் திரும்புவதைக் கண்டு அவர் மனம் தளர்ந்தார். குற்றம் வேரூன்றிய பின்னர்த் திருத்த முயல்வதினும், வேரூன்றுமுன் தடுப்பதே தக்கது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அக்காலத்தில் குளொஸ்டர் குண்டூசித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். குண்டூசிக்குத் தலை பொருத்தும் நுண்பணிக்குச் சிறுவர் சிறுமியரின் மெல்விரல்கள் பயன்பட்டன. வாரத்தில் ஆறு நாளும் அவர்களுக்கு வேலை. ஒருநாள் ரெய்க்ஸ் நகரின் கடைப்பகுதிக்குச் சென்றபோது, கந்தல் உடுத்த பிள்ளைகள் தெருவில் கூச்சலிட்டுத் திரிவதைக் கண்டு வருந்தினார். அங்கிருந்த பெண்ணொருத்தி, இது ஒன்றுமில்லை, ஞாயிறன்று வந்து பாருங்கள் என்ற கருத்தில் விடையிறுத்தாள். வேலையில்லாத அந்த ஒரே நாளில் அப்பிள்ளைகளை ஏற்க வீடும் இல்லை, பள்ளியும் இல்லை, திருச்சபையும் இல்லை.

1780ஆம் ஆண்டில் ரெய்க்ஸ் செயலில் இறங்கினார். சூட்டி சந்து எனப்பட்ட குறுந்தெருவில், மெரடித் அம்மையார் வீட்டில் தொடக்க வகுப்பு ஒன்று கூடியது. பிள்ளைகளின் முரட்டுத்தனத்தைத் தாங்காமல் அவ்வம்மையார் விலகிக்கொள்ளவே, வகுப்பு கிரிச்லி அம்மையாரிடம் மாறியது. தோல்வியில் தொடங்கிய பணி இது என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். கற்பித்த பெண்களுக்கு ஒரு ஞாயிறுக்கு ஒரு ஷில்லிங் ஊதியம். காலை 10 மணிக்கு வகுப்பு தொடங்கும், நண்பகலில் வீடு சென்று திரும்பியபின் மீண்டும் வாசிப்பு, பின்னர்த் தேவாலயம், அதன்பின் மாலைவரை ஞானோபதேச வினாவிடை.

சேர்க்கைக்கு ரெய்க்ஸ் விதித்த நிபந்தனை மிகச் சிறிது: கழுவிய கை, கழுவிய முகம், வாரிய தலை. நல்லுடை இல்லை என்று எவரும் தயங்கவேண்டியதில்லை. சீருடை இல்லை, காலணி இல்லை என்று வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறோம் ஆதலின், இச்செய்தியை விரைந்து கடக்க எமக்கு மனம் வரவில்லை. கந்தல் படையின் தலைவர் என்று ஊரார் எள்ளியபோதும் ரெய்க்ஸ் அப்பிள்ளைகளோடு தேவாலயத்துக்கு நடந்தே சென்றார்.

இப்பணி அவர் ஒருவருடையது அன்று. தாமஸ் ஸ்டாக் என்னும் குருவானவர் தொடக்கத்திலேயே தோள் கொடுத்தவர்; ஆனால் புகழ் முழுவதும் அச்சகம் வைத்திருந்தவரையே சேர்ந்தது. 1769இலேயே ஹை விக்கம் என்னும் ஊரில் ஹன்னா பால் என்னும் பெண்மணி இத்தகைய பள்ளி நடத்தியதையும் மறத்தலாகாது. மூன்றாண்டுக் காலம் விளம்பரமின்றிச் சோதித்தபின், 1783ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிதழில்தான் ரெய்க்ஸ் இதுபற்றி எழுதினார். பிற இதழ்களும் அதனை எடுத்து வெளியிட்டன. 1785இல் வில்லியம் ஃபாக்ஸ் என்பாரின் முயற்சியால் இலண்டனில் ஓய்வுநாள் பள்ளிச் சங்கம் உருவாயிற்று.

ஷில்லிங் கொடுத்து நடத்தும் முறை நெடுநாள் நீடிக்கவில்லை. பள்ளிகள் பெருகப் பெருகப் பணம் போதவில்லை; ஊதியம் பெறாத தொண்டர்கள் அவ்விடத்தை நிரப்பினர். 1787இல் போல்ட்டன் நகரில் ஏறத்தாழ 800 ஏழைப் பிள்ளைகளுக்கு 80 பேர் ஊதியமின்றிக் கற்பிப்பதை ஜான் வெஸ்லி கண்டு மகிழ்ந்தார். பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்! நாம் பணியாற்றிய வகுப்பறைகளில் இவ்விகிதத்தை ஒருநாளும் கண்டதில்லை. நாளடைவில் பழைய மாணவரே ஆசிரியராயினர். ஆறு நாள் ஆலையில் உழைத்தவர், ஏழாம் நாள் தம் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லித் தந்தார். 1831இல் பிரிட்டனில் இப்பள்ளிகளில் பயின்றோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர்.

எதிர்ப்பும் வலுவாகவே எழுந்தது. ஏழை படித்தால் பணியமாட்டான் என்று செல்வர் சிலர் அஞ்சினர். ஓய்வுநாளில் பாடம் நடத்துவதே பாவம் என்றனர் சில சமயவாதிகள். வேதம் வாசிக்கக் கற்பிக்கலாம், எழுதக் கற்பித்தல் கூடாது என்ற வழக்கும் பல ஆண்டுகள் நடந்தது. வாசிப்பவன் பிறர் சொல்லைக் கேட்பான். எழுதுபவனோ தன் சொல்லைச் சொல்லத் தொடங்குவான். அச்சத்தின் வேர் அதுவே என்று நாம் கருதுகிறோம்.

இங்கு ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். ரெய்க்ஸ் ஏழையை உயர்த்தி அமர்த்த எண்ணியவர் அல்லர். ஒழுக்கமும் அடக்கமும் உடைய உழைப்பாளியாக ஆக்கவே விரும்பினார். ஆனால் எழுத்து, அதனைத் தந்தவரின் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. லங்காஷயரில் மெதடிஸ்ட் ஓய்வுநாள் பள்ளியில் பயின்ற நெசவாளர் சாமுவேல் பாம்ஃபர்ட், 1819இல் வாக்குரிமை கேட்டு மான்செஸ்டரில் கூடிய பெருங்கூட்டத்துக்குத் தம் ஊர் மக்களை அணிவகுத்து அழைத்துச் சென்றார். அதற்காகச் சிறையும் புகுந்தார். பிற்காலத்தில் தம் வாழ்வைத் தாமே எழுதினார்.

ரெய்க்ஸ் 1802இல் செய்தித்தாள் பணியினின்று ஓய்வுபெற்றார். 1811ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் குளொஸ்டரிலேயே மறைந்தார். செயின்ட் மேரி டி கிரிப்ட் தேவாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இறுதி ஊர்வலத்தில் நடந்து வந்தனர். அவர் முன்னரே சொல்லி வைத்திருந்தபடி, வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஷில்லிங்கும் ஒரு பிளம் கேக்கும் கொடுத்து அனுப்பினார்கள்.