ஜேம்ஸ் ஆலன்

ஜேம்ஸ் ஆலன் (நவம்பர் 28, 1864 - ஜனவரி 24, 1912) ஆங்கிலேய எழுத்தாளர். தன்முன்னேற்ற நூல்களின் முன்னோடிகளுள் ஒருவர்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை பின்னலாடைத் தொழிலாளி. 1879 இல் தொழில் நலிவுற்றதால் வேலை தேடித் தனியே அமெரிக்கா சென்ற தந்தை, நியூயார்க்கை அடைந்த இரு நாட்களில் இறந்தார். கொள்ளையரால் கொல்லப்பட்டதாக நம்பப்படுகிறது. ஆலன் 15 வயதில் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றார். பல நிறுவனங்களில் செயலாளராகப் பணியாற்றினார். 1895 இல் லில்லியை மணந்தார்.

1901 இல் முதல் நூல் வெளிவந்தது. 1903 இல் வெளியான 'ஆஸ் எ மேன் திங்கெத்' என்னும் சிறுநூலே இவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. விவிலியத்தின் நீதிமொழிகளிலிருந்து தலைப்பைப் பெற்ற இந்நூல், எண்ணமே குணத்தையும் சூழ்நிலையையும் உருவாக்குகிறது என்கிறது. தொழில் நலிவால் சிதறிய குடும்பத்தில் வளர்ந்தவரின் கூற்று இது என்பது குறிப்பிடத்தக்கது. வறுமைக்குச் சமூகக் காரணங்களும் உண்டு என்பதற்கு இவர் போதிய இடம் தரவில்லை. எனினும், பின்னாளைய வணிக முன்னேற்ற நூல்களைப் போலன்றி, பொருளீட்டும் உத்திகளைவிட மனத்தூய்மையையே முதன்மைப்படுத்தினார். இறுதி ஆண்டுகளில் டெவன் மாவட்டத்தின் இல்ஃப்ரகூம் என்னும் கடலோர ஊரில் வாழ்ந்தார். இவர் நடத்திய இதழை மறைவுக்குப்பின் மனைவி தொடர்ந்தார்.

தமிழில் இவரை அறிமுகப்படுத்தியவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. 1908 முதல் 1912 வரை சிறையில் இருந்த காலத்தில் அவர் ஆலனின் நூல்களைத் தமிழாக்கத் தொடங்கினார். மனம்போல வாழ்வு (1909), அகமே புறம் (1914), வலிமைக்கு மார்க்கம் (1916) ஆகியன அவ்வரிசையில் வெளிவந்தவை.