ஒயினின் கசப்பும் லூயி பாஸ்டரும்

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் காலையில் வாங்கும் பால் பாக்கெட்டில் ‘பாஸ்சரைஸ்டு’ என்ற சொல்லைக் காணலாம். அது லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் வந்தது. ஆனால் அவர் இம்முறையை முதலில் கையாண்டது பாலுக்காக அல்ல, ஒயினுக்காக.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27ந் தேதி டோல் நகரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடுபவர். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அர்புவா என்ற சிற்றூரில் வளர்ந்த பாஸ்டர், ரசாயனம் கற்றுப் பேராசிரியரானார்.

அக்காலத்தில் பிரான்சின் ஒயின் அடிக்கடி கெட்டு வந்தது. சில புளித்தன, சில நூலிழுத்தன, பர்கண்டிப் பகுதியின் உயர்ந்த சிவப்பு ஒயின் நாள்பட்டால் கசந்தது. இதற்குக் காரணம் கண்டறியுமாறு 1863ல் மன்னர் மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். அர்புவாவில் தற்காலிக ஆய்வுக்கூடம் அமைத்து, கெட்ட ஒயினை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார் பாஸ்டர். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒவ்வொரு வகைக் கிருமி காரணம் என்று தெரிந்தது.

கசந்துபோனதைப் பழைய ருசிக்குத் திருப்ப வழியில்லை. ஆனால் கெடுவதற்கு முன்பே, காற்றுப் படாமல் 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினால், கெடுக்கும் கிருமிகள் அழிந்தன. சூட்டில் மணமும் ருசியும் போய்விடும் என்று பலர் அஞ்சினர். ருசி பார்ப்பதில் தேர்ந்தவர்களிடம் இருவகை ஒயினையும் கொடுத்துச் சோதித்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 1865ல் காப்புரிமை பெற்ற பாஸ்டர், அதை வைத்துப் பொருள் சேர்க்காமல் எல்லோரும் பயன்படுத்த விட்டுவிட்டார். 1866ல் ஒயின் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

அதே காலத்தில் அவரது வீட்டில் சாவு மேல் சாவு. 1859லேயே மூத்த மகள் ஜானை டைபாய்டு கொண்டுபோயிருந்தது. 1865ல் தந்தையும் 2 வயது மகள் கமீலும் இறந்தனர். 1866 மே மாதம் 12 வயது செசில் டைபாய்டுக்குப் பலியானாள். ஒயினைக் காத்தவரால் பெற்ற மகளைக் காக்க முடியவில்லை.

பின்னாளில் அவர் மனித நோய்களின் பக்கம் திரும்பினார். வந்தபின் தீர்ப்பதைவிட வருமுன் காப்பதே இங்கும் வழியாயிற்று. 1885ல் வெறிநாய் கடித்த சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு, நோய் தலைகாட்டுமுன் தடுப்பூசி போட்டார், சிறுவன் பிழைத்தான். 1888ல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

அந்த நிலையத்தில் பணியாற்றிய ஹாஃப்கின் 1893ல் கல்கத்தா வந்தார். 1894ல் இந்நகரின் பஸ்திகளில் காலரா தடுப்பூசி போட்டார். பாஸ்டர் 1895 செப்டம்பர் 28ல் காலமானார். 1907ல் நமது குன்னூரிலும் அவர் பெயரில் ஒரு நிலையம் தோன்றி, நாய்க்கடிபட்டோருக்குப் புகலிடமாயிற்று.