அறிஞர் சித்திலெப்பை: மாநகர சபையில் அமர்ந்த கல்விமான்

அறிஞர் சித்திலெப்பை என்றதும் நமது பிள்ளைகள் மூன்று விடயங்களைச் சொல்வார்கள்: முஸ்லிம் நேசன் பத்திரிகை, அசன்பே சரித்திரம் என்ற நாவல், கொழும்பு ஸாஹிராக் கல்லூரி. பரீட்சைக்கு அவ்வளவு போதும். ஆனால் அவர் கண்டி மாநகர சபையின் உறுப்பினராக இருந்தார், மாநகர நீதவானாகவும் கடமையாற்றினார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? எரியாத வீதி விளக்கு, மூடியில்லாத வடிகான், கட்டாக்காலி நாய்கள், இருட்டிய பின் பெண்பிள்ளைகள் நடமாடப் பயப்படும் ஒழுங்கைகள் என்று மனுவோடு மக்கள் சபைகளின் வாசலில் நிற்கும் இந்நாளில், அவரது வாழ்வின் அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பது பயனுள்ளது.

முஹம்மது காசிம் சித்திலெப்பை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய் அப்போது 23 ஆண்டுகளே ஆகியிருந்தன. தந்தை முஹம்மது லெப்பை சித்திலெப்பை அளுத்கமவைப் பூர்வீகமாகக் கொண்டவர். 1833இல் சட்டத்தரணியாக நியமனம் பெற்று, அத்துறைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் என்ற பெயரைப் பெற்றவர். மகன் முதலில் குர்ஆனையும் அரபையும் தமிழையும் கற்றார். பின்னர் ஆங்கிலம் கற்றார். ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சிய காலம் அது. மிஷனரிப் பாடசாலைகளே ஆங்கிலக் கல்வியின் வாசலாக இருந்ததால் அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. சித்திலெப்பை இரண்டையும் தன்னுள் சேர்த்து வைத்துக்கொண்டார். தந்தையின் வழியில் சட்டம் பயின்று 1862இல் மாவட்ட நீதிமன்றத்திலும் 1864இல் உயர் நீதிமன்றத்திலும் சட்டத்தரணியாகப் பதிவு பெற்றார்.

அதற்கு அடுத்த வருடம் நடந்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் பொலிஸ் கட்டளைச் சட்டம். அதே ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். இரண்டும் அடுத்தடுத்த இலக்கங்கள். ஒன்று ஊரின் அமைதியைக் காக்க வந்தது, மற்றது ஊரின் வீதியையும் வடிகானையும் சந்தையையும் பார்க்க வந்தது. பாதுகாப்பு என்பது பொலிஸ் நிலையத்தோடு முடிந்துவிடும் விடயமல்ல, வீதியைப் பராமரிக்கும் சபையும் அதில் பங்காளி என்பதை இந்த இரண்டு இலக்கங்களை வைத்தே ஒரு மாணவனுக்கு விளங்கப்படுத்தலாம். அந்த 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான் கொழும்போடு கண்டிக்கும் மாநகர சபை கிடைத்தது.

அன்றைய கண்டி அமைதியான மலை நகரமாக மட்டும் இருக்கவில்லை. சுற்றியிருந்த மலைகளெல்லாம் கோப்பித் தோட்டங்கள். தென்னிந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து போனார்கள். 1867இல் ரயில் கண்டியை வந்தடைந்தது. மாட்டு வண்டிகள், சந்தை, தவறணைகள், கடைத்தெரு, புதிய முகங்கள் என்று நகரம் நிரம்பியது. 1869 முதல் கோப்பிச் செடியில் இலை நோய் பரவி, சில ஆண்டுகளில் அந்தப் பயிரே அழிந்தபோது வேலையிழந்தவர்களின் வறுமையும் அதே வீதிகளுக்கு வந்தது. இப்படியான நகரத்தில்தான் சித்திலெப்பை மாநகர சபை உறுப்பினராக இருந்தார்.

அந்தச் சபை இன்றைய சபை போன்றதல்ல. அரசாங்க அதிபரே அதற்குத் தலைமை தாங்கினார். சொத்தும் வரியும் உள்ள சிலருக்கே வாக்குரிமை. பெண்களுக்கு அறவே இல்லை. சுமை தூக்குபவருக்கும் வண்டிக்காரருக்கும் சிறு கடைக்காரருக்கும் அந்தச் சபையில் வாயில்லை. அப்படியொரு இடத்தில் உட்காருபவர், தனக்கு வாக்களிக்க முடியாதவர்களுக்கும் பொறுப்பாளி ஆகிறார்.

மாநகர நீதவான் பதவியும் அவ்வாறே. நாட்டை உலுக்கும் பெரிய வழக்குகள் அங்கு வருவதில்லை. நகர எல்லைக்குள் நடக்கும் சிறிய குற்றங்களும் சபையின் ஒழுங்குவிதிகளை மீறியவர்களின் வழக்குகளுமே அத்தகைய மன்றத்தின் அன்றாட வேலை. ஆனால் ஓர் ஊரின் உண்மையான நிலையை அறிய அதைவிடச் சிறந்த ஆசனம் வேறில்லை. யார் எங்கே துன்பப்படுகிறார், யார் யாருக்கு இடைஞ்சல் செய்கிறார், எந்தச் சட்டம் ஏட்டில் மட்டும் இருக்கிறது என்பதெல்லாம் அங்கு தானாகத் தெரியவரும்.

அந்த ஆசனத்திலிருந்தவர் பிறகு என்ன செய்தார் என்பதுதான் நமக்குத் தெரிந்த கதை. 1882 டிசம்பரில் கண்டியிலிருந்து முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். தமிழில் வெளிவந்த அப்பத்திரிகை கல்வியைப் பற்றித் தொடர்ந்து எழுதியது, வெளியுலகச் செய்திகளைக் கொண்டு வந்தது. 1883 ஜனவரியில் எகிப்தின் உராபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்தபோது சித்திலெப்பைக்கு ஓர் உற்ற துணை கிடைத்தது. 1884 அளவில் கண்டியில் வகித்த பதவியை விட்டுவிட்டுக் கொழும்புக்குச் சென்று முஸ்லிம் பிள்ளைகளுக்கான பாடசாலை முயற்சியில் இறங்கினார். முதல் முயற்சி நிலைக்கவில்லை. அவர் சோரவில்லை. 1885இல் அசன்பே சரித்திரம் வெளிவந்தது. 1892இல் வாப்பிச்சி மரைக்கார், உராபி பாஷா ஆகியோரின் ஒத்துழைப்போடு மருதானையில் உருவான மத்ரஸாவே ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. அதே ஆண்டு ஞானதீபம் சஞ்சிகையையும் நடத்தத் தொடங்கினார்.

இவற்றுக்கிடையே, 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. அதன் பொறுப்பைத் தம் சகோதரி முத்து நாச்சியாவிடம் ஒப்படைத்தார். அவரது பணிகளில் மிகத் துணிச்சலானது இதுவே என்பது என் எண்ணம். பெண்பிள்ளையை வீட்டு வாசலுக்கு வெளியே அனுப்பாத ஒரு காலத்தில், பெற்றோரின் நம்பிக்கையைப் பெறத் தம் குடும்பத்துப் பெண்ணையே முன்னிறுத்தினார். பாடசாலையைக் கட்டிவிட்டால் பிள்ளை வந்துவிடும் என்று நினைப்பது பாதிக் கணக்கு. வீட்டிலிருந்து பாடசாலை வரை ஒரு வீதி இருக்கிறது. அந்த வீதியை நம்பினால்தான் உம்மா பிள்ளையை அனுப்புவார்.

ஓர் ஆசிரியராக நான் இதை இன்றும் காண்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவி மாலை வகுப்பை இடையில் விட்டுவிடுகிறாள். காரணம் கேட்டால் பாடம் கஷ்டம் என்றோ பணமில்லை என்றோ சொல்வதில்லை. திரும்பி வரும்போது ஒழுங்கையில் லைட் இல்லை, சந்தியில் பொடியன்மார் நிற்கிறார்கள், வாப்பா கடையிலிருந்து வந்து கூட்டிச் செல்ல முடியாது என்கிறாள். எரியாத ஒரு மின்குமிழின் விலை ஒரு பிள்ளையின் கணிதப் பெறுபேறாக மாறுகிறது. அவளுடைய தம்பி அதே வகுப்புக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பான்.

இத்தகைய குறையோடு சபைக்குச் செல்பவர் முதலில் சந்திப்பது ஒரு கேள்வியை: வீதி யாருடையது? ஏ, பி தரப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தரப் பாதைகள் மாகாணத்துக்குரியவை. மற்றைய உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளுமே மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் உரியவை. இது தெரியாமல் ஒரு கடிதம் மூன்று அலுவலகங்களைச் சுற்றி வந்து மேசை இலாச்சியில் தூங்கிவிடுகிறது. மக்களுக்கு இது தெரியாதது குற்றமல்ல. தன்னிடம் வந்த கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்பி, அனுப்பியதாக மக்களுக்கு அறிவிக்காமல் இருப்பதே குறை. அக்குறணை நகரம் பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் வெள்ளத்தில் மூழ்குவதும் இப்படித்தான். ஆறு ஒருவருக்கு, பாதை ஒருவருக்கு, கட்டட அனுமதி இன்னொருவருக்கு என்று பொறுப்பு பிரிந்து கிடக்கும்போது தண்ணீர் மட்டும் பிரியாமல் கடைக்குள் வந்துவிடுகிறது.

பொது இடத்தின் பாதுகாப்பு என்பது விளக்கும் வடிகானும் மட்டுமல்ல என்பதைக் கண்டி முஸ்லிம்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திலெப்பை மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பின், 1915 மே மாத இறுதியில், வெசாக் இரவில் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே தொடங்கிய கலவரம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை உள்ளிட்ட பகுதிகளில் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டமும் மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலையும் பிரகடனப்படுத்தப்பட்டன. அந்த நாட்களில் ஒரு விடயம் அதிகம் பேசப்படவில்லை. உள்ளூராட்சித் தேர்தல் பெப்ரவரி 10ஆம் திகதியே முடிந்திருந்தது. ஆனால் தெரிவான உறுப்பினர்கள் சபைகளில் இன்னும் அமர்ந்திருக்கவில்லை. ஊரின் எல்லாச் சமூகங்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடிய அந்த மன்றம், மிகத் தேவையான வாரத்தில் காலியாக இருந்தது. அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்த பின்னரும், 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே காலம் கழிந்தது. இப்போது சபைகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

நம் ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் குறையைப் பேசுவோம். வட்ஸ்அப் குழுமத்தில் படம் போடுவோம். ஜமாஅத் தலைவர் உறுப்பினர் ஒருவருக்குத் தொலைபேசி எடுப்பார். வேலை நடந்தால் அந்த உறுப்பினருக்கு நன்றி, நடக்காவிட்டால் சபையே சரியில்லை என்ற முடிவு. எழுத்தில் எதுவும் இருக்காது. அடுத்த வருடம் அதே குறை அதே முற்றத்தில் மீண்டும் பேசப்படும்.

சித்திலெப்பையின் வழி வேறு. சட்டத்தைப் படித்தார், நிறுவனத்துக்குள் சென்றார், எழுதினார், நிறுவனம் இல்லாத இடத்தில் நிறுவனத்தை உருவாக்கினார். அந்த வழி இன்று நமக்கு அவரை விட இலகுவானது. மாநகர சபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும் பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் வீதி, பொதுச் சுகாதாரம், மக்களின் நலன் ஆகியவற்றைக் கடமையாகவே விதித்திருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நமது கடிதத்துக்கு என்ன நடந்தது, வீதி விளக்குகளுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். அந்தக் கோரிக்கை பற்றித் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கையெழுத்தும் திகதியும் பிரதியும் உள்ள ஒரு கடிதம், நூறு தொலைபேசி அழைப்புகளை விடப் பெறுமதியானது.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இட ஒதுக்கீடு உண்டு. முத்து நாச்சியாவின் காலத்தில் கனவிலும் காணாத இடம் அது. ஒரு பஸ் தரிப்பிடத்தில் மாலை ஆறு மணிக்கு நிற்பது எப்படியிருக்கும் என்பதை ஓர் ஆண் உறுப்பினருக்கு எவ்வளவு விளக்கினாலும் முழுமையாகப் போய்ச் சேராது. நமது பெண்கள் தம் குறையைப் பெண் உறுப்பினரிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். அவர் எந்தக் கட்சி, எந்த இனம் என்று பார்க்கத் தேவையில்லை. இருண்ட ஒழுங்கையில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பயத்தோடுதான் நடக்கிறார்கள். மூன்று வீட்டாரும் ஒன்றாகக் கையெழுத்திட்ட மனுவை எந்தச் சபையும் இலகுவில் ஒதுக்கிவிடாது. 1915இலும் 2018இலும் நாம் இழந்தது அந்த அண்டை வீட்டு உறவைத்தான். ஒரு வீதி விளக்குக்காக ஒன்றாக அலைவது அதை மீண்டும் கட்ட ஒரு சிறிய, நடைமுறைச் சாத்தியமான வழி.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்ற சமூகம் நாம். பாதைக்கு உரிமைகள் உண்டு, அவற்றில் பிறருக்குத் தொல்லை கொடுக்காதிருப்பதும் ஒன்று என்று கற்றவர்கள். ஆகவே சபையிடம் கேட்பதற்கு முன் நம் கடைவாசலில் நடைபாதையை மறிக்கும் பொருட்களையும், சந்தியில் வீணே நிற்கும் நம் பொடியன்மாரையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பின் கேட்கும் குரலுக்குப் பலம் அதிகம்.

அறிஞர் சித்திலெப்பை 1898 பெப்ரவரி 5ஆம் திகதி, 59 வயதில் வபாத்தானார். 1977இல் அரசாங்கம் அவருக்கு ஞாபகார்த்த முத்திரை வெளியிட்டது. கண்டியில் அவரது பெயரால் ஒரு பாடசாலை இயங்குகிறது. அந்தப் பாடசாலையிலோ, கண்டியின் வேறெந்தப் பாடசாலையிலோ படிக்கும் ஒரு பெண்பிள்ளை மாலை வகுப்பு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி, பயமின்றித் தன் வீட்டுக்கு நடந்து போய்ச் சேர்ந்தால், 1891இல் அவரும் அவரது சகோதரியும் தொடங்கிய வேலை அன்று மாலை அந்த வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.