அடையாற்றுக்கு வந்த இத்தாலியப் பேராசிரியை

நண்பர்களே, மலருக்கு எழுதச் சொன்னதும் பம்ப், டர்பைன் என்று அறுப்பேன் என நினைத்திருப்பீர்கள். இல்லை, மரியா மாண்டிசோரி பற்றி எழுதுகிறேன். மந்தைவெளியில் எங்கள் வீட்டிலிருந்து திரு.வி.க. பாலம் தாண்டினால், அவர் தங்கியிருந்த தியாசபிகல் சொசைட்டி.

1870-இல் இத்தாலியில் பிறந்த அம்மையார், முதலில் நம்மைப் போல என்ஜினீயராகத்தான் ஆசைப்பட்டார்! பிறகு மனம் மாறி, 1896-இல் ரோமில் டாக்டரானார். அங்கே மனநோயாளிகளோடு அடைத்து வைத்திருந்த மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பார்த்தார். இவர்களுக்குத் தேவை மருந்தல்ல, கல்விதான் என்று தீர்மானித்தார். இட்டார், செகான் என்ற பிரெஞ்சு டாக்டர்களின் முறைகளை ஆராய்ந்து, 1900-இல் இக்குழந்தைகளுக்கான பள்ளியில் பொறுப்பேற்றார். சிலர் சாதாரணப் பிள்ளைகளின் பரீட்சையிலேயே தேறினார்கள். ஊர் பாராட்டியது. அவருக்கோ கவலை: அப்படியானால் மற்ற பிள்ளைகளை நாம எந்த லட்சணத்தில் படிக்க வைக்கிறோம்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1907-இல் சான் லொரென்ஸோ குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லம். ரோம் பல்கலைக்கழகத்தில் மானிடவியலும் கற்பித்தார்.

1939-இல் அடையாறு வந்து சுமார் 300 பேருக்குப் பயிற்சி தந்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் அரசு மகன் மரியோவைக் காவலில் வைத்தது. தாயின் எழுபதாவது பிறந்தநாளுக்கு விடுவித்தது. 1946 வரை இந்தியாவில் இருந்தவர், 1952-இல் ஹாலந்தில் காலமானார்.

எங்க பையனுக்குப் பேச்சு தாமதம். ஒரு பள்ளியில் சீட் இல்லேன்னுட்டாங்க. இப்போது வேறொரு பள்ளியில், உப்புத்தாளில் வெட்டிய 'அ'வை விரலால் தடவிப் படிக்கிறான். போன வாரம் சத்தமாகவே சொல்லிட்டான். அம்மையாருக்கு என் நன்றி இதுதான்.