ரத்தத்தின் ரகம் கண்டவர்

ரத்தம் எல்லோருக்கும் சிவப்புத்தான். ஆனாலும் அந்நாளில் பிறர் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலர் பிழைத்தார்கள், சிலர் மாண்டார்கள். ஏன்?

காரணம் கண்டவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். 1868-ல் வியன்னா அருகே பிறந்தவர். ஆறு வயதில் தந்தையை இழந்து, தாயின் அரவணைப்பில் வளர்ந்து டாக்டரானார். தம் ரத்தத்தையும் உடன் வேலை செய்தவர்கள் ரத்தத்தையும் எடுத்து, ஒருவருடைய ரத்தத்தின் தெளிநீரில் இன்னொருவருடைய சிவப்பணுக்களைக் கலந்து பார்த்தார். சில கலந்தன; சில, திரிந்த பால்போலக் கட்டிகட்டியாயின. 1901-ல் மூன்று பிரிவுகளை வெளியிட்டார். அவையே இன்றைய 'ஏ', 'பி', 'ஓ'. 'ஏபி' மறு ஆண்டு அகப்பட்டது. 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

இப்பிரிவுகள் பரம்பரைச் சொத்து என்று 1910-ல் வேறு விஞ்ஞானிகள் காட்டினார்கள். சொத்து என்றால், நம் காயல்பட்டினத்தில் வீடு மகளுக்குப் போகும். ரத்தத்திலோ மகனானாலும் மகளானாலும் உம்மா ஒரு பங்கு, வாப்பா ஒரு பங்கு. 'ஓ' பங்கு மட்டும் 'ஏ', 'பி'க்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். வாப்பா 'ஏ', உம்மா 'பி' என்றாலும், இருவரிடமும் ஒளிந்திருந்த 'ஓ' ஒன்றுசேர்ந்தால் பிள்ளை 'ஓ'. இதற்காக உம்மாவைச் சந்தேகிப்பது பாவம் அல்லவா? பெற்றோர் இருவரும் 'ஓ' என்றால் பிள்ளையும் 'ஓ'தான். 1952-ல் பம்பாய் டாக்டர்கள் அறிவித்த அபூர்வ ரகம், பார்வைக்கு 'ஓ' போலிருந்து, அந்தக் கணக்கையும் பொய்யாக்கக் கூடியது!

லாண்ட்ஸ்டெய்னர் 75 வயதிலும் ஓயவில்லை. 1943-ல் நியூயார்க்கில், ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையாயிருந்தபோதே மாரடைப்பு கண்டது. இரண்டாம் நாள் காலமானார்.