பசிப்பிணி தீர்த்த இராமலிங்க அடிகள்

நாவலர் பெருமானைப் போற்றும் கல்லூரியொன்றின் மலரில் இராமலிங்க அடிகளின் வரலாறு இடம்பெறுதல் பழைய மாணவர் சிலருக்கு வியப்பைத் தரலாம். அருட்பா மருட்பாப் போரினை மூத்தோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தோர் நம்மிற் பலர். அப்போரை ஈண்டு மீட்டும் தொடுத்தல் எம் கருத்தன்று. அடிகள் மூட்டிய அடுப்பொன்றைப் பற்றியே சொல்லவந்தோம்.

அடிகள் 1823 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆம் நாள், சிதம்பரத்துக்கு அணித்தாகிய மருதூரில், இராமையாபிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாய்ப் பிறந்தார். தந்தையார் விரைவில் இறக்க, குடும்பம் சென்னையை அடைந்தது. அங்கே கந்தகோட்டத்து முருகனைப் பாடியதும் பிரசங்கம் செய்ததும் பலரும் அறிந்தவையாதலின் விரிக்கவில்லை. 1858 இல் சென்னையை விட்டு நீங்கியவர், வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். 1865 இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார்.

1866 ஆம் ஆண்டளவிற் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வருத்தியது. உண்ண உணவும் ஒதுங்க இடமுமின்றி வழிநடந்தோர்க்குப் பாடல் போதாது, சோறு வேண்டும் என்பதை அடிகள் கண்டார். பெருவழிகள் சந்திக்கும் வடலூரே அதற்கேற்ற இடமாயிற்று. அவ்வூரார் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். 1867 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. அன்று மூட்டிய தீ இன்றளவும் அணையாது காக்கப்பட்டு வருகின்றது. அவ்வடுப்பு இருபத்தோரடி நீளமுடையது.

ஆங்கு உண்ண வந்தோரிடம் ஊர் யாது, சமயம் யாது, சாதி யாது என்று வினவுதல் கூடாது என்பது அடிகள் வகுத்த விதி. நம் ஊர்ப் பந்திகளின் பழைய வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்விதியின் அருமையை நாம் எடுத்துரைக்கவேண்டியதில்லை. புலாலுண்பாரைத் தம் நெறிக்குப் புறத்தாராகக் கொண்ட அடிகள், அவர்க்கும் பசி தீர்த்தலை மாத்திரம் மறுக்கவில்லை. கொள்கையில் இத்துணை உறுதியுடைய ஒருவர் சோற்றில் வேற்றுமை பாராட்டாமை எமக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகின்றது.

1872 ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. அதுமுதல் அந்நன்னாள் வடலூரிற் பெருவிழாவாயிற்று. ஏழு திரைகள் நீங்கத் தோன்றும் சோதியைக் காணப் பெருந்திரளானோர் கூடுவர். சுற்றூர்க் குடியானவர் அரிசியும் காய்கறியும் கொணர்ந்து தருவர். அன்பர்கள் கூலி கருதாது காய் நறுக்குவர், உலை வைப்பர், பரிமாறுவர். திருவிழா நாளிற் பலவிடத்தும் அன்னதானம் உண்டு. ஆயின் விழா முடிந்த மறுநாளும் வீடற்றவன் ஒருவன் அதே வாயிலில் வந்து நின்று உண்ணலாம் என்பதே வடலூரின் தனிச்சிறப்பு.

1874 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறையினுட் புகுந்து திருக்காப்பிட்டுக்கொண்ட அடிகள் பின்னர் வெளிப்படவில்லை. சாலை நின்றுவிடவில்லை, அன்பர்கள் தொடர்ந்து நடாத்தினர்.

அடிகளின் பாடல்களைத் திருமுறையென வழங்குதல் தகாது என மறுத்தவர் நம் நாவலர் பெருமான். அவ்வழக்கு 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னரும் மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை காலத்தில் மீண்டும் மூண்டது. நாவலர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாரல்லர். எனினும் 1876, 1877 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டியபோது, அவரும் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தி ஏழைகட்குக் கஞ்சி வார்ப்பித்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தைந்தை அணுகியிருந்தது. அதன்பின் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ இரண்டாண்டுகளே.